பிரசிடெண்டுன்னா அவருதான்

வெள்ளையாக்காத பாப்பா. வேணாம், மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கட்டும். நீ இன்னாமோ அழுத்துன, மூஞ்சி மாவு பூசன மாதிரி ஆயிடுச்சி பாரு. எங்க ஊரு ஜனத்துக்கு என் மூஞ்சி தெரியும்மா. கருப்பு தான், அம்மத் தழும்பு வேற கீது. இத வெள்ளையாக்கி பேனரு அடிச்சிக் கொண்டு போயி மரத்துல கட்டனா யாருடி இவன்னு கேப்பாங்கோ. ஆங், இப்ப சரி. இப்ப தான் நானு.

பேரா? மு. அம்சா. ஊரு பூவந்தாங்கல். கழுக்குன்றம் தாண்டி மாபல்லிபுரம் போற ரோட்ல எறங்கி உள்ளார போவணும், உனக்குத் தெரியாது. ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு, ஆட்டோ ரிக்‌ஷா சின்னம். மீண்டும்னு மேல ஒரு வார்த்த போட்டுரு. ஏன்னா இன்னா ஏன்? இத்தினி வருசம் நான் தான தலைவரு. இன்னா அப்பிடி பாக்கற? நம்பல இல்ல? உன்ன சொல்லி குத்தம் இல்ல பாப்பா. எங்க ஊர்லயே பாதி பேரு நம்பல.

அடடா. கரண்ட்டு போயிடுச்சா? கம்ப்யூட்டரு மட்டும் எரியுதே. ஓ, பேட்டரியா. பெரிய மெசினு ஓடாதா. சரி, வரட்டும், நான் இருக்கறேன். எனக்கு வூட்டுக்குப் போயி இன்னா கீது? கதவத் தொறந்து உள்ள போனா மொதல்ல டிவிய போடுவேன். பாக்கறதுக்கு இல்ல. ஏதோ ஒரு பேச்சு சத்தம் கேட்டுகினே இருக்கும், அதுக்கு. ஒரு ஆளுக்கு சோறு வடிக்கறது இருக்குதே, அதான் பெரிய பேஜாரு. எவ்ளோ கொறச்சி போட்டாலும் மிஞ்சிடுது.

முன்னாடி நான் மாபல்லிபுரத்துல ஒரு ரிசார்ட்ல ரூமு கிளீன் பண்ணிகினு இருந்தேன். பெட்ஷீட்டு மாத்தறது, பாத்ரூமு கழுவறது, துண்ட அன்னம் மாதிரி மடிச்சி கட்டில் மேல வெக்கறது. நல்லா மடிப்பேன் நான். எங்க வூட்டுக்காரு முனிசாமி எங்க ஊரு பெரிய வூட்ல டிராக்டர் ஓட்றாரு. பெரிய வூடுன்னா ஜம்புலிங்கம் வூடு. அவரு மூணு தடவ பிரசிடெண்டு. அவருக்கு முன்னாடி அவங்கப்பா. ஊர்ல பொறக்கற கொழந்தைக்கு அப்பான்னு வாயில வர்றதுக்குள்ள பிரசிடெண்டுன்னு வந்துடும், அப்பிடி. அவருக்குப் பேரு ஒண்ணு கீதுன்னே பாதி பேருக்குத் தெரியாது.

அப்ப தான் கவருமெண்டு சொல்லிடுச்சி, இந்த ஊருக்கு இனிமே காலனிக்காரங்க தான் நிக்கணும், அதுவும் பொம்பள தான் நிக்கணும்னு. இனிமே நம்ம ஆளு தாண்டான்னு காலனில பசங்க வேட்டு வெடிச்சானுங்க. நானும் வாசல்ல நின்னு சிரிச்சிகினு இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்.

ஒரு நாள் காலைல வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி நாஸ்தா துண்ணுகினு கீறேன். வாசல்ல ஒரு கூட்டம். நடுவுல அவரு. எங்க தெருவுக்கு அவரு வருவாரு பாப்பா, வரமாட்டாருன்னு இல்ல. காருல வருவாரு, கண்ணாடிய எறக்குவாரு, பேசுவாரு, போயிடுவாரு. கால கீழ வெக்க மாட்டாரு. அன்னிக்கு எறங்கனாரு. அம்சா, கொஞ்சம் தண்ணி குடும்மான்னாரு. எச்சக் கைய முந்தானையில தொடச்சிகினு சொம்புல மொண்டு குடுத்தேன். அவ்ளோ பேரு பாக்க, அண்ணாந்து, கடகடன்னு, ஒரு சொட்டு மீதி வெக்காம குடிச்சாரு. தொடச்சிகினு, இந்த வூட்டுத் தண்ணி இனிக்குதுன்னாரு.

அந்த ஒரு சொம்பு தண்ணிக்கு எங்க காலனியே வுழுந்துடுச்சி. வேற யாரும் நிக்கல. நிக்கறேன்னு சொன்ன ரெண்டு பேரையும் அவங்க சொந்தக்காரங்களே ஒக்கார வெச்சிட்டாங்கோ. போட்டியே இல்லாம ஜெயிச்சேன். மால எனக்குப் போட்டாங்கோ, கைய அவருக்குக் குடுத்தாங்கோ.

என்ன ஏன் எடுத்தாருன்னு அப்பால தான் புரிஞ்சிச்சி. நான் வாயத் தொறக்க மாட்டேன். புருசன் அவரு வூட்ல வேல. ரெண்டும் போதும் இல்ல?

ஆபீசு சாவி அவரு வூட்ல தான். கையெழுத்து போடணும்னா கிளார்க்கு போன் போடுவாரு, நான் ரிசார்ட்லருந்து வந்து நேரா பெரிய வூட்டு மாட்டுக் கொட்டாய்ண்ட போயி நிப்பேன். அங்க நின்னுகினே போடுவேன். ஒரு நாளும் அவரு என்ன திட்டல பாப்பா. சும்மா சொல்லக் கூடாது. சாப்டியா அம்சான்னு தான் கேப்பாரு. ஊர்ல எல்லாரும் அவர பிரசிடெண்டுன்னு கூப்புடுவாங்க, என்ன அம்சான்னு கூப்புடுவாங்க. எனக்கே அது வித்தியாசமா தெரியல.

அப்ப செங்கல்பட்ல புது தலைவருங்களுக்கெல்லாம் ஒரு டிரெய்னிங் வெச்சாங்க. பக்கத்துல ஒரு பொம்பள ஒக்காந்துச்சி, பானுமதின்னு. நெம்மேலி பக்கம் கடக்கரை ஊரு, மீன் ஏலம் எடுக்கறவ, தொண்ட அப்பிடி. உன் ஆபீசு எப்பிடிக்கா கீது, ஃபேனு கீதா, எங்குளுது ஒரே ஒழுகல்னு கேட்டா. எனக்கு எங்க ஆபீசுக்கு உள்ளார எப்பிடி இருக்கும்னு தெரியாதும்மா. உள்ள போனதே இல்ல. சொன்னேன். அவ சிரிக்கல. எங்க ஊர்லயும் ஒரு பெரியவரு கீறாரு, சாவிய கேட்டுகினே இருந்தேன், தரல, பூட்டையே மாத்திட்டேன்னா. சொல்லிட்டு சாம்பாரு சாதத்த பெசைஞ்சி துண்ணா, அவ பாட்டுக்கு.

எனக்கு பஸ்ஸுல வர்றப்ப முழுக்க அதே தான். பூட்ட மாத்தறதுன்னா கடைல ஒரு பூட்டு வாங்கனா முடிஞ்சிச்சி. அவ்ளோ தான வேல? ஆனா கடைப் பக்கம் போவல. வூட்டுக்காரு கிட்ட சொன்னேன். அவரு துண்ண சோத்த வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு. எம்பொண்ணு தான் வந்தா. அப்ப அவ படூர்ல காலேஜு கடைசி வருசம் படிச்சிகினு இருந்தா. நான் வர்றேம்மான்னு பாட்டன் காலத்து சம்மட்டி ஒண்ணு கெடந்துச்சி, அத எடுத்துகினு முன்னாடி நடக்கறா. பட்டப் பகல்ல. ஊரே பாக்குது. ரெண்டு போடு போட்டா, பூட்டு தெறிச்சிடுச்சி. உள்ள ஒரு மேச, ஒரு சுத்தற சேரு, பொறா எச்சம். சேர தொடச்சா, துப்பட்டாவால. ஒக்காரும்மான்னா. ஒக்காந்தேன். அது ஒரு பக்கம் சாயும் அந்த சேரு. நான் வுழப் பாத்தேன், ரெண்டு பேரும் சிரி சிரின்னு சிரிச்சோம்.

பெரிய வூட்டுக்காரரு சண்டைக்கு வருவாருன்னு நெனச்சேன். வரல. சாயங்காலம் கார நிறுத்தி, நல்ல காரியம் பண்ண அம்சா, துரு புடிச்ச பூட்டு, நானே மாத்தணும்னு இருந்தேன்னாரு. சிரிச்சாரு. போயிட்டாரு.

அப்பால தான் பாப்பா வெசயமே. ஆபீசுல நான் ஒக்காந்துகினு கீறேன். யாரும் வரல. ரிசார்ட்டு வேலைய வுட்டுட்டேன், தெனமும் காலைல தொறக்கறேன், நானே பெருக்கறேன், ஃபேன போட்டுகினு ஒக்காந்துகினே கீறேன். ஜன்னல் வழியா பாத்தா ஜனம் மனுவ எடுத்துகினு போவுது. எங்க? பெரிய வூட்டுக்கு. எங்க காலனி ஜனமே என் ஜன்னல தாண்டித் தான் போவுது. போறப்ப தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குது. ஒருத்தன கூப்ட்டு கேட்டேன், ஏண்டா, நான் இங்க கீறேன்லன்னு. அங்க போனா நடக்குதுக்கான்னான். கோவமா சொல்லல. நெசத்தத் தான் சொன்னான். நான் எழுதிக் குடுத்தா போறதுக்கு மாசக் கணக்கு. துணைத் தலைவரும் சேந்து கையெழுத்து போடணும், அவரு பெரிய வூட்டு ஆளு, இன்னிக்கு நாளைக்கும்பாரு. பெரிய வூட்டுக்காரரு ஒரு போன் போட்டா மறுநா ஆளு வந்து பைப்ப தோண்டுவான்.

சாவி என்கிட்ட, ஜனம் அவருகிட்ட. பூட்டு ஒடச்சா வந்துடும்னு நெனச்சது எல்லாம் ஒண்ணும் வரல.

கிராம சபைய ஒரு தடவ எங்க காலனில வெச்சேன். எப்பவும் ஊர்த் தெரு கோயில் மண்டபத்துல தான் வெப்பாங்க, எங்க ஜனம் வெளிய வெயில்ல நிக்கும். எல்லா எடத்துலயும் மாத்தி மாத்தி வெக்கலாம்னு சட்டத்துலயே கீது பாப்பா. சாமியானா போட்டேன், சேரு போட்டேன். ஊர்த் தெருவுலருந்து ஒரு ஆளு வரல. அது தெரிஞ்சது தான். காலனிலயும் வரல, அதான் தாங்கல. அவங்கவங்க வூட்டு வாசல்ல நின்னு பாக்கறாங்க. கூப்புடு தூரம். வந்து ஒக்காரல. மேலருந்து வந்த ஆபீசரு கடியாரத்த பாக்கறாரு. அப்ப எம்பொண்ணு எழுந்து மைக்க புடிச்சி, தீர்மானம் எல்லாத்தையும் அந்தக் காலி சேருங்களுக்கு கணீர்னு படிச்சா. ஒரு வார்த்த தடுக்கல. அன்னிக்கு நான் பட்ட அவமானமும் பெருசு, பெருமையும் பெருசு.

டீயா? சொல்லு, சக்கர கம்மியா.

இல்லம்மா, ஒருத்தர் கூட வரலன்னு சொன்னா அது பொய்யி. ஒருத்தி வந்தா. ஊர்த் தெருவு வச்சலா. புருசன் இல்ல. பெரிய வூட்டுக்காரரு தம்பி அவ வூட்டுக்குப் போற சந்துல சொவுரு எழுப்பிட்டான். ஒரு சைக்கிளு போவாது. பெரிய வூட்ல போயி நின்னா, பாக்கலாம் பாக்கலாம்னு ஓட்டிகினே இருந்துருக்காங்கோ. ஒரு நாள் மத்தியானம், ஊரே படுத்துகினு கீது, ஆபீசு வாசல்ல வந்து நிக்கறா. உள்ள வரலாமா பிரசிடெண்ட்டுன்னா.

நான் திரும்பி பின்னாடி பாத்தேன் பாப்பா. அவரு வந்து நிக்கறாரோன்னு.

சிரிக்காத. நெசமா. என்னத் தான் கூப்புடுறான்னு புரிய எனக்கு நேரம் ஆச்சி. எதிர்ல ஒக்கார வெச்சேன். அந்த சொவுத்துக்கு எத்தினி எடம் அலைஞ்சேன்னு கேக்காத. தாலுக்கா, கலெக்டரு ஆபீசு, சர்வேயரு. கடைசில இடிச்சாங்கோ. என் கையெழுத்துல இடிச்சாங்கோ.

அப்ப தான் அவரு சிரிப்ப நிறுத்துனாருன்னு நெனப்ப. இல்ல. அப்பவும் சிரிச்சாரு. ஆனா ஒவ்வொருத்தரா கூப்ட்டாரு. அவரு அடிக்க மாட்டாரு பாப்பா, இன்னா வேணும்னு கேப்பாரு. எங்க வூட்டுக்காரருக்கு இன்னா வேணும்? மரியாத. டிராக்டர்லருந்து எறக்கி, ஆளுங்கள வேல வாங்கற மேஸ்திரியா வெச்சாரு, வெள்ள வேட்டி கட்ட வெச்சாரு. எம்பொண்ணு எழில்னு ஒரு புள்ளைய கட்டிகினா, அடுத்த தெருவு தான், வேல இல்லாம சுத்திகினு இருந்துச்சி. அந்தப் புள்ளைக்கு படூர்ல பெரிய அபார்ட்மெண்டுல சூப்பர்வைசர் வேல. யாரு போன் போட்டது? அவரு தான். எங்க காலனிக்கு பைப்பு வந்துச்சி, நான் எழுதி எழுதி கை ஓஞ்ச பைப்பு. வந்தது அவரு பொறந்த நாளு அன்னிக்கு. தொறந்து வெச்சது அவரு. எல்லாருக்கும் தான் ஏதாவது ஒண்ணு வேணுமே. வாங்கறவங்கள நான் தப்பு சொல்லல. எனக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல, அவ்ளோ தான்.

வூட்டுக்காரு இப்ப பொண்ணு வூட்ல தான் கீறாரு. சண்டன்னு எதுவும் இல்ல. பேத்திய பாத்துக்கணும், அங்கயே படுத்துக்கறேன்னாரு. மொதல்ல துணி ரெண்டு போச்சி, அப்பால தலகாணி போச்சி. ஒரு நாள் பாத்தா ஷேவிங் கண்ணாடியும் இல்ல.

இந்தத் தடவையும் காலனி பொம்பளைக்குத் தான் வந்துச்சி. நீ இனிமே வேணாம் அம்சா, ரெஸ்ட் எடுன்னாரு பெரிய வூட்டுக்காரரு. நான் நிக்கறேன்னேன். எப்பிடியோ வாய்ல வந்துடுச்சி. சரி உன் இஷ்டம்னாரு. அவரு வேற ஆளு தேடுனாரு. ரொம்ப தூரம் போயி தேடல.

நாமினேசனுக்கு என்ன முன்மொழிய ஒரு ஆளு வேணும். காலனில வூடு வூடா போனேன். உள்ள கூப்ட்டாங்கோ, சேரு போட்டாங்கோ, காப்பி குடுத்தாங்கோ. கையெழுத்து மட்டும், நீயே யோசி அம்சான்னாங்கோ. வச்சலா போட்டா. ஊர்த் தெருவுலருந்து எங்களுக்கு ஒருத்தி முன்மொழியறது எங்க ஊர்ல நடந்ததே இல்ல. ஒரே பஸ்ஸுல தான் போனோம். ஆனா அவ முன்னாடி சீட்டுல, நான் பின்னாடி சீட்டுல. பேசிக்கல. யூனியன் ஆபீசு கேட்டுகிட்ட வந்தப்புறம் தான் அவ நின்னா, நான் போயி சேந்துகினேன். அப்பால இன்னிக்கு வரைக்கும் அவ தெருவுல அவளுக்கு யாரும் பால் ஊத்தல. நான் தான் அந்த இடிச்ச சொவுத்து ஓரமா பாக்கெட்டு வெச்சிட்டு வர்றேன்.

இன்னா மாத்தம் வந்துச்சி, ஊரும் காலனியும் சமமா ஆயிடுமான்னு என்ன கேட்டா, எனக்குத் தெரியாது பாப்பா. ஒரு பால் பாக்கெட்டு அளவுக்கு வந்துருக்குது.

டீ நல்லா கீது. இன்னா? பூவந்தாங்கல்னு இன்னொரு பேனரும் கீதா உன்கிட்ட? இங்க தான் குடுத்துருக்காங்களா? அதான் எதிர்ல நிக்கறவங்களுது. காட்டேன். காட்டக் கூடாதா? நாளைக்கு எங்க தெருவுல தொங்கத் தான போவுது, இன்னிக்கே பாத்தா இன்னா.

ம்.

நல்லா பண்ணிக்கீற. நடுவுல அவரு. இந்த சிரிப்பு தான், நான் சொன்னேன் பாரு. மேல அவங்கப்பா, அந்தப் பக்கம் புள்ளைங்க, தம்பி, எல்லாரும் கீறாங்கோ. இந்தக் கடைசில, கீழ, இங்க தள்ளி வெச்சிக்கீற பாரு, தீப்பெட்டி சைசுல. இவ தான நிக்கறது? ஏன் இவ்ளோ சின்னதா?

பச்ச பொடவ. நான் எடுத்துக் குடுத்தது, கல்யாணத்துக்கு. சுஜாதா. எம்பொண்ணு தான் பாப்பா.

இன்னா என்னையும் அவளையும் மாத்தி மாத்தி பாக்கற? அட, நேர்ல வந்து சொல்லிட்டுத் தான் நின்னா. ஒளிஞ்சி செய்யற புள்ள இல்ல அது. உன்னால சண்ட போட்டு வாங்க முடியாதத நான் அவரு கூட இருந்தே வாங்கிடுவேம்மான்னா. வாங்கலாம். என்ன மாதிரி இல்ல அது, படிச்சிக்கீது, பேசத் தெரியும். ஆனா அவரையும் எனக்குத் தெரியும் இல்ல.

வுட்டுக் குடுக்கலாம்ல-ன்னு தான கேக்க வர்ற? எல்லாரும் அதான் கேக்கறாங்க. பெத்த பொண்ணுன்னு. நான் வுலகிட்டா அவ போட்டி இல்லாம வந்துடுவா, என்ன மாதிரி. அப்பிடி வந்தவளுக்கு அந்த வூட்ல இன்னா மதிப்புன்னு நான் பாத்துட்டேன். மாட்டுக் கொட்டாய்ண்ட தான் நிக்கணும். எதிர்ல ஒரு ஆளு முட்டிகினு நின்னா தான், அவ தயவு வேணும்னு அவருக்குத் தோணும். அவள ஒக்கார வெச்சிப் பேசுவாரு. நான் நிக்கறதால எனக்கு ஒண்ணும் வரப் போறதில்ல பாப்பா, ஓட்டும் சேத்து சொல்றேன்.

ஒண்ணு செய்யேன். அவ மூஞ்சிய மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணு. அவர தொடாத, அவரு அப்பிடியே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப தான் கண்ணு தெரியுது. யாராச்சும் கேட்டா கம்ப்யூட்டரு பண்ணிடுச்சின்னு சொல்லு.

தோ, கரண்ட்டு வந்துடுச்சி. போடு. அவளுத மொதல்ல போடு பாப்பா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.